சிரித்த முகத்தைத் தொடும் பிள்ளைகள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர், தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பில் நடந்த சண்டையும், அதில் என் மகன் கை நீட்டியதும் நீங்கள் அறிந்ததே. அவன் செய்தது தவறு. அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம். அதன்பிறகு நீங்கள் கட்டாயமாக்கிய ஆன்லைன் கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சியைப் பற்றித்தான் இந்த மடல்.

வீட்டில் இருப்பது ஒரே செல்போன். அவன் அப்பா வேலை முடிந்து அதைக் கொண்டுவர ஒன்பது மணிக்கு மேலாகிவிடும். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து ஆங்கில வீடியோவைப் பார்ப்பான். முடிவில் சிரித்த முகத்திலிருந்து கோபமான சிவப்பு முகம்வரை ஐந்து முகங்கள் வரும்; இன்று மனசு எப்படி இருக்கிறதோ, அந்த முகத்தைத் தொட வேண்டும். மூன்றாம் நாள் கவனித்தேன். அன்று சாயங்காலம் பையை வீசிவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன், சிரித்த முகத்தைத் தொட்டான். "ஏன்டா?" என்றேன். "சிவப்பு மூஞ்சியத் தொட்டா மறுபடியும் முதல்லேருந்து பாக்கச் சொல்லும்மா."

சான்றிதழும் வந்துவிட்டது. ஆனால் என் பிள்ளை கற்றுக்கொண்டது கோபத்தை மறைக்கத்தான். அவனுக்கு ஏன் கோபம் வந்தது என்று பள்ளியில் இன்றுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்பாவின் வேலையைச் சொல்லி பள்ளி வேனில் தினமும் கேலி செய்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் அதைச் சொன்னான்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூச்சை மெதுவாக விடுவதும், பத்துவரை எண்ணுவதும் நல்ல பழக்கங்கள்தான். மனசு அமைதியாக இருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் இருந்து பலமுறை செய்துபார்த்தால்தான் கோபம் வரும் நேரத்தில் அது கைகொடுக்கும். நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கப் பள்ளியில் ஓர் ஆள் வேண்டும்.

நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-ல் தந்த அறிக்கையில், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. அங்கே நடந்தது சாதி வெறி. எங்கள் வேன் கேலியோடு அதை ஒப்பிட மாட்டேன். ஆனால் பிள்ளைகளின் குறையைக் கேட்கப் பள்ளிக்குள்ளேயே ஆள் இருக்க வேண்டும் என்பது எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். ஆண்டு விழா மேடைக்குப் பணம் ஒதுக்கும் பள்ளிக்கு இது முடியாதா? குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து ஓர் ஆளை நியமியுங்கள். அதுவரை, சிவப்பு முகத்தைத் தொடும் பிள்ளையை மறுபடி வீடியோ பார்க்க வைக்காதீர்கள். மறுநாள் காலை அவன் பக்கத்தில் ஓர் ஆசிரியர் வந்து உட்காரட்டும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவனின் அம்மா