கௌனாஸில் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். சென்ற வாரம் பேசும்போது, லித்துவேனியாவின் வானத்தைப் பிற நாட்டுப் போர் விமானங்கள்தான் காவல் காக்கின்றன என்றும், அந்நாட்டுக்கென்று விமானப்படையே கிடையாது என்று உன் வகுப்பில் யாரோ சொன்னதாகவும் கூறினாய். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்கோ அந்தப் பேச்சில் மனம் ஒப்பவில்லை. விமானப்படையின் பராமரிப்புப் பிரிவில் எஞ்சின்களோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1918 பிப்ரவரியில் விடுதலையை அறிவித்த அந்த நாடு, மறு ஆண்டே, எல்லையில் போர் ஓயாத நிலையிலும், பொறியாளர் படைக்குள் ஒரு விமானப் பிரிவைத் தொடங்கி, 1919 மார்ச் 12 அன்று அதைத் தனிப் பிரிவாக்கியது. எதிரியிடமிருந்து கைப்பற்றிய ஒரு சாப்வித் விமானமும், ஜெர்மனியிடம் வாங்கிய எல்விஜி விமானங்களும்தான் தொடக்கக் காலச் சொத்து. இன்றைய தலைநகரான வில்னியூஸ் போலந்தின் வசம் இருந்த அந்தக் காலத்தில் நீ வசிக்கும் கௌனாஸே தலைநகரம். விமானப் பள்ளியும் பணிமனையும் அங்கேதான் அமைந்தன.

அந்தப் பணிமனையைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். யூர்கிஸ் தோப்கேவிச்சியுஸ் என்ற இளம் விமானி 1922இலேயே சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்தார். தாம் உருவாக்கிய மூன்றாவது விமானத்தைத் தாமே ஓட்டியபோது 1926இல் விபத்தில் இறந்தார். அவருக்குப் பின் அந்தப் பணியைத் தோளில் ஏற்றவர் அன்டானாஸ் குஸ்தாய்திஸ். 1925இல் ‘அன்போ-1’ என்ற சிறு விமானத்தைப் பறக்கவிட்ட அவர், பாரிஸில் விமானப் பொறியியல் பயின்று திரும்பி, உளவுப் பணிக்கான ‘அன்போ-4’ விமானத்தை 1932இல் உருவாக்கினார். எஞ்சின் மட்டும் பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனத்தினுடையது. உடலும் இறக்கையும் கௌனாஸ் பணிமனையில் உருவானவை. எஞ்சின் செய்வதற்குப் பெரிய தொழில்துறை வேண்டும், அது இல்லாத நாடு அதை வாங்கிக்கொண்டு மற்றவற்றைத் தன் கையால் செய்துகொள்ளலாம் என்ற அவருடைய கணக்கு மிகச் சரியானது என்பது என் கருத்து. 1934 கோடையில் அத்தகைய மூன்று விமானங்களோடு புறப்பட்டு, ஐரோப்பியத் தலைநகரங்கள் பலவற்றில் இறங்கி, ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறந்து, மூன்றையும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்தார். பராமரிப்பு வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அந்த மூன்றாவது விமானமும் திரும்பியதன் அருமை புரியும். அதே ஆண்டு அவர் படைத் தலைவரானார்.

1940 ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் இறுதி எச்சரிக்கையை அரசு எதிர்ப்பின்றி ஏற்றதால், அந்த விமானப்படை வானில் தோற்காமலே கலைக்கப்பட்டது. தப்ப முயன்று பிடிபட்ட குஸ்தாய்திஸ் 1941 அக்டோபரில் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1934 பயணத்தில் அவரோடு பறந்த ரோமுவால்தாஸ் மார்ட்சின்குஸ் பிரான்ஸ் வழியாகச் சென்று பிரிட்டன் விமானப்படையில் சேர்ந்து போரிட்டார். 1942இல் சிறைப்பட்டு, 1944 மார்ச்சில் ஜெர்மானியர்களின் கைதி முகாமிலிருந்து சுரங்கம் வழியே தப்பியவர்களில் ஒருவராகி, மீண்டும் பிடிபட்டு, ஹிட்லர் அரசின் ரகசியக் காவல்துறையான கெஸ்டப்போவால் கொல்லப்பட்டார். இப்படிப்பட்டவர்கள் வளர்த்த ஒன்றை ‘இல்லை’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாதம்மா.

1992இல் படை மீண்டும் தொடங்கப்பட்ட புதிதில் ஆன்-2, எல்-39 போன்ற எளிய விமானங்களே இருந்தன. இன்றும் அவர்களிடம் போர் ஜெட் இல்லை. முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நாட்டில், ஒரு போர் விமான அணியை வாங்குவதைவிட அதை ஆண்டுதோறும் பராமரிப்பதே பெருஞ்சுமை. ஆகவே 2004இல் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்ததும், லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா ஆகிய பால்டிக் நாடுகளின் வான்காவலைக் கூட்டணி நாடுகள் முறை வைத்து ஏற்றன. முதலில் வந்தவை பெல்ஜியத்தின் நான்கு எஃப்-16 விமானங்கள்.

ஆனால் அந்த விமானங்கள் தாமாக எழும்புவதில்லை. நீ இருக்கும் ஊருக்கு அருகிலேயே கர்மேலவாவில் உள்ள வான்கண்காணிப்பு மையத்தில், ரேடார்கள் காட்டுவதை லித்துவேனிய வீரர்கள் இரவு பகலாகப் பார்க்கிறார்கள். லித்துவேனியாவை ஒட்டி, ரஷ்யாவிலிருந்து துண்டாக இருக்கும் ரஷ்யப் பகுதியான கலினின்கிராடு நோக்கிச் செல்லும் ரஷ்ய விமானம் அடையாளக் கருவியை அணைத்துவிட்டுப் பறந்தால், தகவல் ஜெர்மனியில் உள்ள நேட்டோ மையத்துக்குச் செல்லும். அங்கிருந்து ஆணை வந்ததும் ஷௌலேய் தளத்தில் தயாராக நிற்கும் விமானங்கள் கிளம்பும். அந்தத் தளமும் லித்துவேனிய விமானப்படையினுடையதே. பனிக்காலத்தில் ஓடுதளத்தைத் துப்புரவாக வைத்திருப்பதும் தீயணைப்பு ஏற்பாடும் எவ்வளவு பெரிய வேலை என்பதை நான் அறிவேன். இவை தவிர, சி-27 ஸ்பார்ட்டன் சரக்கு விமானங்கள் மூன்று, மீட்புப் பணி ஹெலிகாப்டர்கள், நார்வேயிடம் வாங்கிய நாசாம்ஸ் ஏவுகணைகளைக் கையாளும் வான்பாதுகாப்புப் பிரிவு ஆகியவையும் அதே படைக்குள் அடங்கும்.

அம்மாவிடம் இதையெல்லாம் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். இப்போது ஓரளவு தெளிந்திருக்கிறாள். அலெக்சோதாஸ் பகுதியின் பழைய விமானத்திடலில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. குஸ்தாய்திஸ் செய்த அன்போ-1 அங்கே இருக்கிறது. விடுமுறை நாளில் போய், அதன் இறக்கை உடலோடு பொருந்தும் இடத்தையும் எஞ்சின் பொருத்தப்பட்ட விதத்தையும் நன்றாகப் பார்த்து எனக்கு எழுது. படம் எடுக்க அனுமதித்தால் பக்கவாட்டிலிருந்தும் இரண்டு படங்கள் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா