சிறுநீரில் ரத்தமா? சூடு என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்களுக்கும் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு உயிர்காக்கும் மருந்து. பயந்து யாரும் நிறுத்திவிடக் கூடாது. ஆனால், அது உடலில் சிதையும்போது உண்டாகும் அக்ரோலின் என்ற கழிவு, சிறுநீர்ப்பையில் தேங்கி அதன் உட்சுவரைப் புண்ணாக்கும். மருந்தின் மொத்த அளவு கூடக்கூட, சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது.

மருத்துவர் சொல்லும் அளவுக்குத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிப்பதே முதல் காப்பு. அதிக அளவில் மருந்து ஏற்றும்போது இந்தப் புண்ணைத் தடுக்க மெஸ்னா என்ற மருந்தும் தருவார்கள். ஆனால், கீமோ முடிந்து மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறும் என் அத்தை, கையில் இருக்கும் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்க மாட்டார். வழியில் அவசரமென்றால் எங்கே இறங்குவது? இது அவர் ஒருவரின் சங்கடம் அல்ல. நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் இதே நிலைதான்.

இன்னொன்று, நம் ஊர் வெயிலில் சிறுநீர் சிவந்து போனால் ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். இந்த மருந்து எடுத்தவர்களுக்கு, வலியே இல்லாமல் ஒருமுறை ரத்தம் போனாலும் உடனே பரிசோதனை தேவை. பழைய சிகிச்சை பற்றியும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த எச்சரிக்கையைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட மருத்துவமனைகளும், பேருந்து நிலையங்களில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை அமைக்க உள்ளாட்சிகளும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.