அந்த ஐந்து நிமிட ஃபோனைப் பறிக்காதீர்கள்

வளரிளம் பிள்ளைகளைத் தங்கவைத்துப் போதை மீட்புச் சிகிச்சை தரும் மையங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என் மகனை அவனுடைய 16 வயதில் இப்படியொரு மையத்தில் சேர்த்தேன். முதலில் கஞ்சா, அப்புறம் தூக்க மாத்திரை. அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே அவன் சரியாகத் தூங்கவில்லை என்பது எங்களுக்கு வெகு பின்னால்தான் தெரிந்தது.

வாரத்துக்கு ஒரு ஃபோன், ஐந்து நிமிடம். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் ஒரு பணியாளர் உட்கார்ந்திருப்பார். "நல்லா இருக்கேன்மா" என்பான். சின்ன வயதிலிருந்தே எதையாவது மறைக்கும்போது அவனுக்கு வரும் குரல் அது. மூன்றாவது வாரம் ஃபோனே வரவில்லை. நானே கூப்பிட்டுக் கேட்டேன். போர்வையை ஒழுங்காக மடிக்கவில்லையாம், பாயிண்ட் குறைந்துவிட்டதாம், அதனால் ஃபோன் கிடையாதாம். அன்றிரவு நான் தூங்கவில்லை. அவன் தூங்கியிருப்பானா?

அம்மாவோடு பேசுவதைப் பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். உங்களிடம் நான் கேட்பதில் முதலும் முக்கியமும் இதுதான். பிள்ளை திரும்பி வரப்போவது வீட்டுக்குத்தான். அந்த வீட்டைச் சிகிச்சைக்கு வெளியே நிறுத்திவிட்டு அவனை மட்டும் எப்படிச் சரிசெய்வீர்கள்? இந்த வயதினருக்குக் குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துத் தரும் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது என்று ஆய்வுகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. எங்களை ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள், அதுவும் டிஸ்சார்ஜ் அன்று.

கறாராக இருந்தால்தான் திருந்துவார்கள் என்பவர்கள் சினனானின் கதையைப் படிக்க வேண்டும். 1958இல் சார்லஸ் டீடரிச் என்பவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கிய போதை மீட்பு அமைப்பு அது. வட்டமாக உட்கார்ந்து, ஒருவரைக் குறிவைத்து மற்றவர்கள் திட்டித் தீர்ப்பதையே அங்கே வைத்தியம் என்றார்கள். கடைசியில் அது வன்முறையிலும் வழக்குகளிலும் போய் முடிந்தது. ஆனால் அந்த முறை, பிள்ளைகளைத் 'திருத்தும்' இடங்களுக்குள் புகுந்துவிட்டது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட இடங்களைப் பற்றி ஆயிரக்கணக்கான கொடுமைப் புகார்கள் இருப்பதாக அந்த நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2007இல் சொன்னது. உயிரிழப்புகளும் அதில் உண்டு.

அடுத்தது மனசு. "போதை முதல்ல தெளியட்டும், மனசை அப்புறம் பார்க்கலாம்" என்று எங்களிடம் சொன்னார்கள். மனநல மருத்துவர் அவனைப் பார்த்தது நான்காவது வாரம். முதல் சில வாரங்களில் வரும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் போதையை நிறுத்தியதே காரணமாக இருக்கலாம் என்பது எனக்கும் புரிகிறது. அதற்காகத்தான் முதல் நாளே ஒருவர் பார்க்க வேண்டும், பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மகனுக்குத் தூக்கம் போனதும் அந்த வயதில்தான்.

இன்னொன்று, சேர்க்கும்போது அவன் என்ன மாத்திரை, எத்தனை நாளாகப் போடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் போடும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைப் பல வாரம் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதைக் கேட்காத இடம் பிள்ளைகளைச் சேர்க்கவே கூடாது.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு துணிப்பை, மாத்திரைச் சீட்டு, அவனுடைய ஃபோன். அதை வண்டியில் ஆன் செய்தான். முதலில் வந்த மெசேஜ், "வந்துட்டியா?" பழைய நண்பன். இவன் ஃபோனைக் கவிழ்த்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்த நிமிடத்துக்கு எங்கள் இருவரையும் யாரும் தயார்செய்திருக்கவில்லை. மையத்தில் அவன் அறையிலேயே ஹெராயின் பழகிய பையன் ஒருவன் இருந்தான். பல வாரம் விட்டிருந்து பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, உயிரே போகலாம். இதை அந்தப் பையனின் அம்மாவிடம் யாராவது சொன்னார்களா? ஹெராயின் அளவு மீறிப்போனால் அதை முறிக்க நலோக்சோன் என்றொரு மருந்து இருப்பதைச் சொன்னார்களா?

அதிகாரிகள் சிகிச்சைக்காக வெளியே தங்கவைக்கும் குழந்தையின் நிலைமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்தாக வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 25ஆம் பிரிவு. நாங்களே சேர்க்கும் பிள்ளைகளையும் அப்படிப் பாருங்கள், பார்க்கும்போது பெற்றோரையும் கூப்பிடுங்கள். பிள்ளையைப் பேசவிடுங்கள், பக்கத்தில் யாரும் உட்காராமல்.

நாளைக்கு உங்கள் வாசலில் ஒரு பிள்ளையோடு ஒரு அம்மா வந்து நிற்பார். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று தேதிகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். குடும்பத்தோடு முதலில் உட்காரும் நாள், மனநல மருத்துவர் பார்க்கும் நாள், வீடு திரும்பிய முதல் வாரத்தில் நீங்களே ஃபோன் செய்து விசாரிக்கப்போகும் நாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்