வழக்கொழிந்ததா மோட்டார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் ஹாம் வானொலி (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசும் வானொலி) ஆண்டெனாக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கிடைமட்டத் தளவிளைவிலிருந்து செங்குத்துத் தளவிளைவுக்கு (வானொலி அலையின் மின்புலம் அதிரும் தளமே தளவிளைவு) மாறுவதற்காக ஆண்டெனாவையே மோட்டாரால் திருப்பும் முறை வழக்கொழிந்துவிட்டது என்றும், இரண்டு யாகி ஆண்டெனாக்களை (ஒரு தண்டில் பல கம்பிகளை வரிசையாகப் பொருத்திய திசை ஆண்டெனா) ஒன்றுக்கொன்று குறுக்காக அமைத்த குறுக்கு யாகியும், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மின்சுவிட்சான ரிலேயும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன என்றும் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்திருந்தார். அது அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து.

144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெடுந்தொலைவுக்குப் பேசுவோர் கிடைமட்டத் தளவிளைவையும், சைகையை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும் ரிப்பீட்டர் வழியாகவும் வாகனங்களிலிருந்தும் எஃப்.எம். முறையில் பேசுவோர் செங்குத்துத் தளவிளைவையும் பயன்படுத்துவதே வழக்கம். ஒன்றுக்கானதை வைத்து மற்றதைக் கேட்டால் 20 டெசிபல் அளவுக்கு, அதாவது திறன் நூறில் ஒரு பங்காகும்படி, இழப்பு நேரலாம். சிற்றலையில் அயனி மண்டலமே அலையின் தளத்தைத் திருப்பிவிடுவதால் அங்கே இந்தக் கவலை பெரிதாக இல்லை.

குறுக்கு யாகியில் ஒரே நடுத்தண்டில் இரண்டு ஆண்டெனாக்களின் கம்பிகள் ஏறுவதால் எடையும் காற்றின் அழுத்தமும் கூடுகின்றன. உச்சியில் வைக்கும் ரிலேக்குள் ஈரம் புகாமல் காப்பது தனி வேலை. ஒற்றை யாகியின் நடுத்தண்டை அதன் அச்சிலேயே 90 பாகை சுழற்றினால், சைகை செல்லும் பாதையில் புதிதாக எதுவும் சேர்வதில்லை. சுழற்சியில் மிகுந்த துல்லியமும் தேவையில்லை. கிடைக்கும் திறன் கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 10 பாகை பிசகினாலும் இழப்பு 0.13 டெசிபல்தான். ஆனால் எதிர்த் தளவிளைவில் வரும் இடையூற்றை ஒடுக்குவது நோக்கமானால், அதே 10 பாகைப் பிசகு அந்த ஒடுக்கத்தை 15 டெசிபலோடு நிறுத்திவிடும். அதற்காகவாவது இரு முனைகளிலும் உறுதியான தடுப்பும், எல்லையில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சும் வேண்டும்.

கட்டுரை தொடாத இன்னொரு நன்மை, இடைப்பட்ட கோணங்கள். நிலவில் பட்டுத் திரும்பும் சைகையின் தளம், அயனி மண்டலத்தில் அலையின் தளம் திரும்பும் ஃபாரடே சுழற்சியாலும் பேசுவோர் இருவரும் பூமியின் வெவ்வேறு இடங்களில் இருப்பதாலும் எந்தக் கோணத்திலும் வந்து சேரலாம். இரண்டே நிலைகளுக்கு இடையே மாறும் ரிலே அங்கே பாதி வழிதான் துணைவரும். மோட்டாரோ சைகை வலுக்கும் கோணத்தைத் தேடி அங்கேயே நிற்கும். பழைய பெரிய டிஷ் ஆண்டெனாக்களிலும் டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் ஊட்டுக்குழலுக்குள் இருந்த சிறு கம்பியை ஒரு சர்வோ மோட்டார்தான் திருப்பியது. பின்னாளில் 13 வோல்ட், 18 வோல்ட் மின்னழுத்தத்தால் மாறும் எல்.என்.பி. (டிஷ்ஷில் சைகையை வாங்கிப் பெருக்கும் கருவி) அதை அகற்றியது நியாயமே. அங்கே தேவைப்பட்டவை இரண்டே தளங்கள், சேனல் மாற்றுபவருக்கோ பொறுமை இல்லை. தாழ்வட்டச் செயற்கைக்கோள்களின் சைகைத் தளம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அங்கும் வட்டத் தளவிளைவு (அலையின் தளம் சுழன்றுகொண்டே செல்வது) தரும் குறுக்கு யாகியே பொருத்தம் என்பதை மறுக்கவில்லை.

இயந்திர முறையின் உண்மையான சிக்கல் மோட்டாரில் இல்லை, கம்பத்தில் இருக்கிறது. நடுத்தண்டின் மையத்தை உலோகக் கம்பத்தில் பொருத்தினால், ஆண்டெனா கிடைமட்டமாக உள்ளவரை கம்பத்தால் தொல்லையில்லை. செங்குத்தாகத் திரும்பியதும் ஆண்டெனாவின் கம்பிகள் கம்பத்துக்கு இணையாகிவிட, கம்பமும் அலையை வாங்கி வீசத் தொடங்கி, எந்தத் திசையில் எவ்வளவு வீசும் என்ற திசைப்பாங்கைக் கெடுத்துவிடும். கம்பத்தின் மேற்பகுதியைக் கண்ணாடியிழையால் அமைக்கலாம். அல்லது பின்முனைக் கம்பியான பிரதிபலிப்பானுக்குப் பின்னால் தண்டை நீட்டி அங்கே தாங்கலாம். இரண்டாவது வழியில் முழு எடையும் ஒரு பக்கமாகத் தொங்கும் என்பதால், தாங்கு உருளைகளுக்கு நல்ல இடைவெளியும், மறுமுனையில் எதிர் எடையும் தேவைப்படும். சைகையைக் கொண்டுசெல்லும் கோ-ஆக்ஸ் கேபிளையும் தண்டோடு பின்னோக்கிக் கொண்டுவந்து, பிரதிபலிப்பானைத் தாண்டிய பிறகு தளர்வான வளையமாக விட்டால், கால் சுற்றுச் சுழற்சியை அது எளிதில் தாங்கும்.

இவற்றை வரைபடங்களோடு விளக்கும் கட்டுரை ஒன்றைத் தங்கள் அறிவியல் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹாம் வானொலி ஆர்வலர் ஒருவர்