ராயல் எஞ்சின் ஏறிய ரயில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நல்லபடியாகத் திருச்சி வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு இன்னும் ராத்திரித் தூக்கம் சரியாகவில்லை, மற்றபடி சுகம்.

டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் என்னை இறக்கிவிட்டு நீ ஆபீஸ் போனாயே, அன்றைக்குப் பாதி நேரம் ஒரே காரின் முன்னால்தான் நின்றேன். 1931-ஆம் வருடத்து புகாட்டி ராயல். ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு யானை, பின்னங்கால்களில் எழுந்து துதிக்கையைத் தூக்கி நிற்கிறது. காரைச் செய்த எட்டோரே புகாட்டியின் தம்பி ரெம்ப்ராண்ட் செய்த சிற்பம் அது. அவர் 1916-லேயே இறந்துவிட்டார். தம்பியின் யானையை அண்ணன் தன் மிகப் பெரிய காரில் ஏற்றியிருக்கிறார். எனக்கு அங்கேயே மனம் இளகிவிட்டது.

எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில், மொத்தம் 12.7 லிட்டர். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் அதை மேலே மூடும் ஹெட்டும் சேர்ந்து ஒரே வார்ப்பு. இந்தக் காரை வாங்கிய ஃபுக்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர், நாட்டை விட்டு ஷாங்காய் வழியாக நியூயார்க் வந்தபோது இதையும் கொண்டுவந்தார். அங்கே ஒரு குளிர்காலத்தில் உள்ளே இருந்த தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்துவிட்டது. அப்படிப்பட்ட வார்ப்பில் விரிசல் விட்டால் என்ன பாடு என்று என்னைப் போன்ற பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்காரனுக்குச் சொல்லவேண்டியதில்லை. கார் காயலான் கடைக்குப் போய்விட்டது. 1943-இல் சார்ல்ஸ் செய்ன் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினியர் அதை வாங்கி, போர் முடிந்ததும் சீர்செய்து ஓட்டினார். பிறகு மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.

ஆனால் நான் இதை எழுதுவது காருக்காக மட்டும் இல்லை. 25 கார் செய்யத் திட்டமிட்டார் புகாட்டி. உலகமே பணமுடையில் இருந்த காலம், மூன்றுதான் விலைபோயின. விற்றதும் விற்காததுமாக இன்று இருப்பது ஆறு. 1985-இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியில் அந்த ஆறையும் ஒன்றாக நிறுத்தினார்களாம். சரி, விற்காத காருக்குச் செய்த எஞ்சின்கள் என்ன ஆயின? ரயிலில் ஏற்றினார்கள், பாப்பா! எஞ்சினும் பயணிகள் இடமும் ஒரே வண்டியில் இருக்கும் ரயில்கார் அது. ஒரு ரயில்காருக்கு இரண்டு, பெரியதற்கு நான்கு. ராஜாக்களுக்கென்று வரைந்த எஞ்சின் பிரான்ஸில் டிக்கெட் வாங்கிய சாதாரண ஜனங்களை இழுத்துக்கொண்டு 1950-கள் வரை ஓடியது. 1934-இல் ஒரு சோதனை ஓட்டத்தில் மணிக்கு 196 கிலோமீட்டர் தொட்டது. புகாட்டியின் மால்ஷைம் தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்தியதும் அந்த ரயில்கார்கள்தான். டீசல் எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இதைப் படித்தபோது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

உங்கள் பெட்ரோல் எஞ்சின் பிரிவை மூடப்போகிறார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து, இத்தனை வருட உழைப்பும் வீண்தானா என்று நீ கேட்டதே காதில் நிற்கிறது. வீண் இல்லை, கண்ணு. எரிப்பு, வெப்பம், அதிர்வு என்று நீ கற்றதெல்லாம் காருக்கு மட்டும் சொந்தமில்லை. கப்பல், ஜெனரேட்டர், ரயில் எஞ்சின் செய்யும் கம்பெனிகளிலும் விசாரித்துப் பார். பேட்டரிப் பிரிவுக்கு வரச்சொன்னால் அதையும் உடனே தள்ளிவிடாதே, பேட்டரியும் சூடாகிற சாமான்தானே.

மாப்பிள்ளையிடமும் கலந்து பேசு. வீட்டுக் கடனை நினைத்து அவசரத்தில் எதற்கும் கையெழுத்துப் போடவேண்டாம். சில மாதம் சமாளிக்கப் பணம் தேவைப்பட்டால் தயங்காமல் சொல், அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா