சின்னவனுக்குக் கிலுக்குப் போத்தல்

அன்பான பிள்ளைக்கு,

நல்லூர்க் கொடி ஏறியாச்சு, எல்லாரும் சுகம், அப்பா காலமையும் பின்னேரமும் கோயிலிலைதான். மிச்சப் புதினம் பிறகு எழுதுறன்.

சின்னவனுக்கு நீங்கள் வாங்கின பற்றரி விளையாட்டுச் சாமான்ரை படம் பாத்தன், வடிவாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை, அது தானே பாடித் தானே கத்துது, அவன் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறான். காசைக் குடுக்க முதல் உன்ரை குசினியை ஒருக்கா பார். 95இலை இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடக்கேக்கையும் உன்ரை புளியங்கொட்டை ரின்னை நீ கீழை வைக்கேல்லை, கரண்டும் இல்லை கடையிலை சாமானும் இல்லை, அந்த ரின்னாலைதான் நூறுவரை எண்ணினனி, இண்டைக்கு வெளிநாட்டு பாங்கிலை கணக்குப் பாக்கிறாய், எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமே.

கிலுக்குச் செய்ய, மருந்துக் குளிசை போத்தலுகளை எறியாதை. ஒரே அளவிலை பெரிய போத்தல் ஆறு சேர்த்து, கழுவி, ஈரம் இல்லாமல் காயவிடு. ரெண்டிலை அரிசி, ரெண்டிலை கடலை, ரெண்டிலை சில்லறைக் காசு, எல்லாம் பாதிக்குக் குறைய, நிரப்பினால் சத்தம் வராது. ஆறையும் ஒரே நிறப் பேப்பராலை சுத்து, கண்ணாலை பிடிக்கக்கூடாது, குலுக்கிக் காதாலை கேட்டுத்தான் சோடி சேர்க்கவேணும். மூடிக்கு மேலை ரேப்பை இறுக்கிச் சுத்து. பெரிய போத்தல் மூடியளிலை அ, ஆ எண்டு பன்ரெண்டு உயிரையும் எழுதலாம், முட்டை மட்டைக் குழியிலையும் அதையே எழுதிவிட்டால் மூடியைக் குழிக்கு மேலை வைப்பான். ரொயிலெற் பேப்பர் உருளைக்குள்ளாலை போற எந்தச் சாமானையும் அவன்ரை கையிலை குடுக்காதை, சட்டைத் தெறி, காசு, கடலை எல்லாம் தொண்டைக்குள்ளை போயிடும். ரேப்பை வடிவா ஒட்டு.

போத்தலுகள் சரியானதும் முதல் ஒண்டு செய். அவன் வேறை விளையாட்டிலை இருக்கேக்கை, நீ வாறது தெரியாமல், பின்னாலை நிண்டு குலுக்கு. முதல் காசு, பிறகு அரிசி. காசுக்குத் திரும்பி அரிசிக்குத் திரும்பாட்டி எனக்குச் சொல்லு. ஒருக்கா பாத்து முடிவெடுக்காதை, பிள்ளையள் விளையாட்டு ருசியிலை திரும்பாமலும் இருக்குங்கள்.

போன மாசம் வீடியோ கோலிலை நான் அவனைக் கூப்பிட்டனான், நீயும் கூப்பிட்டனி, அவன் திரும்பேல்லை. நான் ஏதோ கேட்க வெளிக்கிட நீ போனை வைச்சிட்டாய். அதுக்குப் பிறகு கோலே இல்லை. கோவிக்காதை பிள்ளை. முன்பள்ளியிலை என்னட்டை ஒரு பிள்ளை இருந்தது, கூப்பிட்டால் வராது, பிடிவாதம் எண்டு எல்லாரும் சொன்னவை, கடைசியிலை பாத்தா சளி தடிமனுக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னாலை நீர் தேங்கினது, டொக்டர்மார் பாத்துச் சரியாக்கினவை. பிறந்த உடனை செய்த காது ரெஸ்ற் பாஸ் எண்டு நீ சொல்லுவாய், அது அண்டைய காதைத்தான் சொல்லும். எங்கடை போத்தல் விளையாட்டுக்குத்தான், காதைச் சோதிக்கிறது அதுக்குப் படிச்ச ஆக்கள்தான். மூண்டு வயசாகப் போகுது, ரெண்டு சொல்லுக்கு மேலை வரேல்லை, பொறுத்துப் பாப்பம் எண்டு இருக்காதை.

இன்னொண்டு. ரெண்டு பாஷை கதைச்சால் பேச்சுப் பிந்தும் எண்டு ஆரோ சொன்னதுக்காக அவனோடை தமிழ் கதைக்கிறதை விட்டிட்டியாம், தங்கச்சி சொன்னவள். அதாலை பிந்தாது. எத்தினை பிள்ளையள் ரெண்டு மூண்டு பாஷை கதைக்குதுகள். எனக்கு அது சரியான மனவருத்தம், அவன் என்னோடை எந்தப் பாஷையிலை கதைக்கிறது?

சாட்டுச் சொல்லாமல் டொக்டரிட்டை திகதி எடு, மருமகனையும் கூட்டிக்கொண்டு போ. எடுத்த உடனை ஒரு மெசேஜ் போடு, இஞ்சை நடுச்சாமம் எண்டாலும் பரவாயில்லை. ரேப்பை மறந்திடாதை.

அம்மா