வேறொருவர் பெயரில் வந்த பொதி: சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், உறுப்பினர்களான குடியிருப்போருக்கும் வணக்கம்.

சென்ற அக்கினி நட்சத்திர நாட்களில் திருநெல்வேலியில் மகள் வீட்டில் தங்கிவிட்டு, நான்காம் நாள் காலையில் வீடு திரும்பினேன். பூட்டைத் திறக்கக் குனிந்தபோது, வாசலில் இருந்த செருப்பு அலமாரியின் மேல் ஒரு சிறிய தெர்மாகோல் பெட்டியைக் கண்டேன். அதில் ஒட்டியிருந்த சீட்டில் கதவு எண் என் வீட்டு எண்ணாகவே இருந்தது. பெயரும் பிளாக் எழுத்தும் வேறு. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்று பக்கவாட்டில் அச்சிட்டிருந்தார்கள். எங்கள் வளாகத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு பள்ளிச் சிறுமிக்கு அவளுடைய பெற்றோர் வரவழைத்த இன்சுலின் அது.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பொருள் பட்டுவாடா ஆகிவிட்டதாக முதல் நாளே தமக்குக் குறுஞ்செய்தி வந்ததாகவும், வாயிலில் கேட்டபோது யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்றும், இரண்டு நாள் தேடிவிட்டு வேறு கடையில் மருந்து வாங்கிவிட்டதாகவும் அந்தத் தாய் சொன்னார். அதனால் குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் மூன்று நாள் வெளியே கிடந்த மருந்தை நம்பிப் போட முடியாது. அப்படியே குப்பைக்குப் போயிற்று.

எங்கள் தளத்தில் நான்கு வீடுகள். மற்ற மூன்று வீட்டாரும் அந்த மூன்று நாட்களும் பெட்டியைக் கடந்துதான் மின்தூக்கிக்குப் போய்வந்திருக்கிறார்கள். கேட்டபோது, "உங்களுக்கு வந்ததுன்னு நினைச்சோம் சார், அடுத்தவங்க பொருளை எப்படித் தொடுறது?" என்றார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள். என் மனைவி மருத்துவமனையில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தவர்கள். அடுத்தவர் பொருளைத் தொடக் கூடாது என்று நம்மைச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தவறி வந்து நம் வாசலில் நிற்கும் அடுத்தவர் பொருளை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதைச் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாகக் கருதி இதை எழுதுகிறேன்.

பொதிகள் வழி தவறுவதற்கு, கொண்டுவரும் இளைஞரின் கவனக்குறைவே காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சென்னையின் விலாசங்களைத் தினமும் பிரித்துப் பார்த்தவனால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்த நகரத்தில் பல தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள் உண்டு. ஒரு வீட்டின் பழைய எண் அதே தெருவில் வேறொரு வீட்டின் புதிய எண்ணாக இருக்கும். பிள்ளையார் கோயில் தெரு இல்லாத பகுதி இல்லை. பி, டி, இ, ஜி என்று பெயரிட்ட பிளாக்குகளைத் தொலைபேசியில் சொன்னால், போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவில் வண்டியை ஓரம்கட்டிக் கேட்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே ஒலிக்கும். இவற்றோடு நம் பெயர்களும் சேர்ந்துகொள்கின்றன. நாம் தலைப்பெழுத்தை முன்னால் போட்டு எழுதுகிறவர்கள். கடைச் செயலிகளோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டுகின்றன. ஆர். லட்சுமி என்பவர் ஒரு சீட்டில் லட்சுமி ஆர் ஆகவும், மற்றொன்றில் லட்சுமி ராமன் ஆகவும், வேறொன்றில் வெறும் லட்சுமியாகவும் அச்சாகிறார். இருநூறு வீடுகள் உள்ள வளாகத்தில் எத்தனை லட்சுமிகள் இருப்பார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்கப் பின்கோடு, ஒரு கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம் வரைதான் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து வீட்டுக் கதவு வரையிலான வழி, பல ஆண்டுகள் ஒரே பீட்டில், அதாவது தமக்கு ஒதுக்கிய அதே தெருக்களில், நடந்த அஞ்சல்காரரின் நினைவில்தான் இருந்தது. 2025-இல் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின் என்னும் பத்து எழுத்துக் குறியீடு, நாட்டின் நிலப்பரப்பை ஏறக்குறைய நான்கு மீட்டர்க்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி தருகிறது. தனி வீடுகளுக்கும், தெருப்பெயர் இல்லாத சிற்றூர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினான்கு தளங்கள் நிற்கும் கட்டடத்தில், ஒரே கட்டத்துக்கு மேல் அமைந்த பதினான்கு வீடுகளுக்கும் குறி ஒன்றுதான். ஆகவே எவ்வளவு நுட்பமான குறியீடு வந்தாலும் அடுக்குமாடியின் கடைசி ஐம்பது அடியை அங்கே வாழ்கிற மனிதர்கள்தான் நிரப்ப வேண்டும்.

இனிச் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். தவறுதலாக ஒருவரிடம் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ அவர் திருப்பித் தந்தாக வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு கூறுகிறது. பிறருடைய பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்பவர், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய பொறுப்பை ஏற்கிறார் என்பது 71-ஆம் பிரிவு. அதாவது, தம் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்தை அந்தப் பொருளுக்கும் காட்ட வேண்டும். குற்றவியல் சட்டம் இன்னும் கடுமையானது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவிலிருந்து இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவுக்கு வந்திருக்கும் ஓர் எடுத்துக்காட்டு, நம் வாசலுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. சாலையில் ஒரு ரூபாயைக் கண்டெடுத்தவர், அது யாருடையது என்று அறியாத நிலையில், எடுத்ததனாலேயே குற்றவாளி ஆவதில்லை. ஆனால் பணத்தாள் உள்ள ஒரு கடிதத்தைக் கண்டெடுத்து, விலாசத்தாலும் உள்ளிருக்கும் செய்தியாலும் உரியவர் யாரென்று அறிந்த பிறகும் அந்தப் பணத்தைத் தமதாக்கிக்கொண்டால் அது குற்றம். ஒவ்வொரு பொதியின் மேலும் உரியவரின் பெயர் எழுதியிருக்கிறது. எனவே "யாருடையது என்று தெரியவில்லை" என்ற காரணம் நமக்குக் கிடைக்காது.

நான் பணியில் இருந்த காலத்தில் இதற்கென்றே தனியாக ஒரு விதி இருந்தது. வேறொருவருக்குச் சேர வேண்டிய தபாலை வஞ்சகமாக வைத்துக்கொள்பவருக்கும், அஞ்சல் அதிகாரி கேட்டும் கொடுக்க மறுப்பவருக்கும் இரண்டாண்டு வரை சிறை என்று 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு இடமில்லை. பொதுவான குற்றவியல் சட்டம் போதும் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது வருத்தமே. தபாலுக்கென்று தனியாக ஒரு மரியாதை உண்டு என்பதை அந்தப் பிரிவு நாட்டுக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது. தனியார் கூரியர் பொதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு முன்பும் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, பொதி வந்து நிற்கிறது. செய்ய வேண்டியது என்ன? முதலில் சீட்டை முழுமையாகப் படியுங்கள். பெயர், கதவு எண், பிளாக், பின்கோடு என நான்கையும் படித்தால் பெரும்பாலான நேரங்களில் உரியவரின் வீடு அங்கேயே தெரிந்துவிடும். பிரிக்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் உரியவரைக் கண்டுபிடிக்கலாமே என்ற நல்லெண்ணத்தோடும் பிரிக்காதீர்கள். கவனிக்காமல் பிரித்துவிட்டால், தவறுதலாகப் பிரித்தேன் என்று மேலேயே எழுதிக் கையெழுத்திட்டு ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்து, குளிரில் வைக்க வேண்டியது, உணவு என்று எழுதியிருந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அன்றைக்கே உரியவரிடம் சேர்க்கப் பாருங்கள். வளாகத்துக்குள் அப்படி ஒருவர் இல்லையென்றால், தபாலில் வந்ததை அஞ்சல்காரரிடமோ அருகிலுள்ள அஞ்சலகத்திலோ கொடுங்கள்; கூரியரில் வந்ததற்குச் சீட்டில் அச்சாகியிருக்கும் நிறுவனத்தின் அதிகாரபூர்வச் செயலி வழியாகத் தகவல் கொடுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் ஏதோ ஒரு வாடிக்கையாளர் சேவை எண்ணை நம்ப வேண்டாம். அத்தகைய எண்களில் பல மோசடிக்காரர்களுடையவை.

பொதியை எடுத்துப் போக வந்திருக்கிறேன் என்று ஒருவர் வாசலில் நின்றால், சீட்டிலுள்ள பெயரையும் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் அவரே சொல்லட்டும்; நாம் படித்துக் காட்டக் கூடாது. உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைக் கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் கட்டித்தான் வாங்க வேண்டும் என்று சொல்லப்படும் பொதி உங்கள் வீட்டார் யாரும் கேட்டு வரவழைத்தது இல்லையென்றால், வாங்காமலே திருப்பி அனுப்புங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பெயரே இல்லாமல், கசிவோ கம்பியோ வெளியே தெரியும்படி எதையாவது கண்டால் தொடாமல் விலகி 112-ஐ அழையுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். யாருடைய பார்சல் என்று கேட்டு, சீட்டைப் படமெடுத்து முந்நூறு பேர் உள்ள குழுவில் போடுகிறோம். அந்தச் சீட்டில் ஒரு பெண்ணின் முழுப் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. அனுப்பிய மருந்துக்கடையின் பெயரைக் கொண்டு அவருடைய நோய் இன்னதென்றுகூட ஊகிக்க முடியும். உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இதைச் செய்கிறோம். "சி பிளாக், 304-க்கு உரிய பொதி என்னிடம் இருக்கிறது" என்ற ஒரு வரி போதுமானது, படம் வேண்டாம்.

முன்பு குடியிருந்தவர்களின் தபால் இன்னொரு துயரம். தமிழ்நாட்டில் இப்போது ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவுச் சான்றும் விரைவஞ்சலில்தான் வீட்டுக்கு வருகின்றன. வங்கி அட்டைகளும் பணி நியமன ஆணைகளும் அப்படியே. வாடகை வீடு மாறியவர் பழைய விலாசத்தைத் திருத்த மறந்திருப்பார். இங்கே புதிதாக வந்தவர் அந்த உறையை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் போட்டுவைப்பார், ஒரு நாள் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். விலாசதாரர் குடிபெயர்ந்துவிட்டார் என்று உறைமேல் எழுதி அஞ்சல்காரரிடம் கொடுத்தால் அது அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வீட்டு உரிமையாளரிடம் பழைய குடித்தனக்காரரின் எண் இருக்குமானால் அவருக்கு ஒரு வார்த்தை சொல்வது இன்னும் நல்லது. திரும்பிப் போன நியமன ஆணையால் வேலை இழந்தவர்களைப் பட்டுவாடா அறையில் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்வதற்கு எங்களிடம் எதுவும் இருக்காது.

சங்கங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் எதுவும் இல்லை. வாயிலில் ஒரு பதிவேடு வையுங்கள். வந்த நேரம், பெயர், பிளாக், கதவு எண், வாங்கிச் சென்றவர் கையெழுத்து என ஐந்து கட்டங்கள் போதும். பூட்டக்கூடிய ஓர் அலமாரியும், மருந்துக்கென்று ஒரு சிறு குளிர்பதனப் பெட்டியும் காவல் அறையில் இருக்கட்டும். பிளாக்குகளுக்கு ஒற்றை எழுத்துக்குப் பதிலாகக் காவிரி, வைகை, பாலாறு என்பதுபோல் காதில் தெளிவாக விழும் பெயர்களை வைத்து, அவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், உங்கள் காவலர்கள் வடமாநிலத்தவரானால் இந்தியிலும் எழுதுங்கள். அந்தக் காவலர்களிடம் பொறுப்பை மட்டும் ஏற்றிவிட்டுப் பழியையும் அவர்கள்மேல் போடாதீர்கள்; பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒருவர் நூறு பொதிகளின் கணக்கை மனத்தில் வைத்திருக்க முடியாது. பொதி கொண்டுவரும் இளைஞர்கள் மின்தூக்கியில் ஏறக் கூடாது என்று சில வளாகங்களில் விதி இருக்கிறது. பன்னிரண்டாம் தளத்துக்குப் படியேறச் சொல்லிவிட்டு, ஏன் கீழ்த்தளத்திலேயே வைத்துவிட்டுப் போனாய் என்று கேட்பது நியாயமாகுமா? அந்த விதியை எடுத்துவிடுங்கள்.

எங்கள் வளாகத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடுகிறது. பதிவேட்டுக்கான நோட்டை நானே வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை வாயிலில் உட்கார்ந்து எழுதவும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். உங்கள் வளாகத்திலும் என்னைப் போல் ஓய்வு பெற்ற ஓர் அஞ்சல்காரரோ எழுத்தரோ இருப்பார். அவரைக் கேளுங்கள். மறுக்க மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற அஞ்சலக ஊழியர் ஒருவர்,
தென்சென்னை.